கேட்டவர்களும் சொன்னவர்களும்

1906இல் கேம்பிரிட்ஜிலிருந்து இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். பெயர் ஏ. ஆர். பிரவுன். பின்னாளில் ராட்கிளிஃப்-பிரவுன் என்று பெயரை நீட்டிக்கொண்டு, உலகத்து மானிடவியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் இடம்பிடித்துவிட்டவர். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர் மட்டுமே. ஹாடன், ரிவர்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த முறைகளும், தனக்கு முன்னால் போன அதிகாரிகள் அச்சிட்ட சொற்பட்டியல்களும், ஒரு உதவித்தொகையும்தான் கைமுதல். அந்தமான் பழங்குடிகளின் சடங்குகளையும் உறவுமுறையையும் கதைகளையும் படித்து எழுதி, ஊர் திரும்பியதும் கல்லூரியில் ஃபெலோஷிப் வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். ஒரு மக்களின் மொழியையும் பண்பாட்டையும் சமூகத்தையும் பட்டமேற்படிப்பாகப் படிக்கும் வேலை இந்தத் தீவுகளில் அவரோடுதான் தொடங்கியது எனலாம்.

அவர் கேள்வி கேட்கத் தொடங்கிய மொழி இந்துஸ்தானி. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2005இல், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அன்விதா அப்பி தன் மாணவர்களோடு வேலையைத் தொடங்கியபோதும் கேள்விகள் ஹிந்தியில்தான் கேட்கப்பட்டன. கேட்பவர் மாறிவிட்டார், சொல்பவர் மாறிவிட்டார், நாடே கைமாறிவிட்டது. நடுவில் நின்ற மொழி மட்டும் அதேதான்.

அது சிறைக்காலனியின் மொழி. 1857 கிளர்ச்சிக்கு அடுத்த வருஷம் கைதிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் வந்தது. வங்காளியும் பஞ்சாபியும் மராட்டியரும் தமிழரும் பர்மியரும் ஒரே கொட்டடியில் அடைபட்டபோது தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கலப்பு ஹிந்தி உண்டானது. காட்டைவிட்டு வெளியே இழுக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளின் காதில் விழுந்ததும் அதுவே. ஆராய்ச்சிக்கு வழிவிட்டதும் இந்த ஹிந்திதான். ஆராய வந்த மொழிகளை விழுங்கியதும் இதே ஹிந்திதான். அந்தமான் மொழி ஆய்வைப் பற்றி யார் எழுதினாலும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி நிற்கத்தான் வேண்டும்.

பிரவுனுக்கு முன்னால் படித்தவர்கள் மாணவர்கள் அல்லர், சர்க்கார் சம்பளக்காரர்கள். அவர்களுக்கு வசதியாக ஒரு ஏற்பாடு இருந்தது. 1863இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் ராஸ் தீவில் தொடங்கிய ‘அந்தமான் ஹோம்’. உணவும் புகையிலையும் கொடுத்துப் பழங்குடிகளை அங்கே தங்கவைப்பது, பழக்குவது என்பது யோசனை. தப்பியோடும் கைதிகளைப் பிடித்துத்தர அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்தார்கள். பழக்க வேண்டுமானால் பேச வேண்டும், பேச வேண்டுமானால் மொழி தெரிய வேண்டும். இப்படித்தான் அகராதி வேலை ஆரம்பித்தது.

அதில் மிகவும் உழைத்தவர் எட்வர்ட் ஹோரஸ் மேன். 1869இல் வந்தவர். நிர்வாக வேலைக்கு நடுவே தென் அந்தமானின் அகா-பேயா மொழியைக் கற்று, 1880களின் தொடக்கத்தில் அந்த மக்களைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். சோறு, வில், படகு, விளையாட்டு, பச்சை குத்துதல், இறந்தவரின் எலும்பை மாலையாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. அவருடைய அகராதி 1923இல்தான் நூலாக முழுமை பெற்றது. அதற்குள் அந்த மொழியைப் பேச ஆளில்லை என்ற நிலை. 1877இல் மேனும் ரிச்சர்ட் டெம்பிள் என்ற இன்னொரு அதிகாரியும் சேர்ந்து தென் அந்தமான் மொழியில் ஒரு சிறு நூலை அச்சிட்டார்கள். நம்மூர் கிறிஸ்தவர்கள் பரமண்டல ஜெபம் என்று சொல்வதன் மொழிபெயர்ப்பு அது. தட்டம்மையில் கொத்துக்கொத்தாக மக்கள் செத்துக்கொண்டிருந்ததும் அதே 1877இல்தான். முந்தைய வருஷம் வெளியாரிடமிருந்து மேகநோய் தொற்றியது வெளிச்சத்துக்கு வந்திருந்தது.

லண்டனில் மொழியியல் சங்கத் தலைவராக இருந்த அலெக்ஸாண்டர் எல்லிஸ், தீவுக்கு வராமலே மேனும் டெம்பிளும் அனுப்பிய குறிப்புகளை வைத்து 1882இல் இந்த மொழியைப் பற்றி உரையாற்றினார். களத்தில் ஒருவர் சேகரிப்பார், தலைநகரில் இன்னொருவர் விளக்குவார் என்பது அந்தக் காலத்து வழக்கம்.

மாரிஸ் விடல் போர்ட்மனைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கூசும். 1879இல் இருபதுகூட நிரம்பாத வயதில் பழங்குடிகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக வந்தார். அந்தமான் மொழிகளுக்கு 1887இல் ஒரு கையேடு, 1898இல் தென் அந்தமான் மொழிக்குழு பற்றிய குறிப்புகள், 1899இல் இரண்டு பாகங்களில் வரலாறு என்று அவர் எழுதியவை இல்லாமல் இன்று யாரும் இந்தத் துறையில் ஒரு பக்கம் எழுத முடியாது. பல மொழிகளை ஒப்பிட்டுச் சொற்களை வரிசைப்படுத்தியவர். அதே மனிதர் 1880 ஜனவரியில் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தார். நோய் கண்டு பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப்பொருட்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு அங்குலக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் ஆண்களையும் பெண்களையும் நிறுத்தி, உயரம், தோள், கை என்று அளந்து அவர் எடுத்த புகைப்படங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. வெளியாருடைய பழக்கத்தால் இவர்களுக்குக் கேட்டைத் தவிர வேறொன்றும் விளையவில்லை என்று பின்னாளில் லண்டனில் அவரே சொன்னார். சொன்னதில் பொய் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் பிரவுன் வந்தார். அவர் படித்த விஞ்ஞானத்தில் வம்சாவளி முறை என்று ஒன்று உண்டு: உன் அப்பா யார், அவர் அப்பா யார், அவருடைய தங்கையை யார் கட்டினார் என்று கேட்டுக் கேட்டு ஒரு சமூகத்தின் எலும்புக்கூட்டை வரைந்துவிடுவது. ரிவர்ஸ் கண்டுபிடித்த முறை. நீலகிரியில் தோடர்களிடம் அதை அவர் அமோகமாகப் பயன்படுத்தியிருந்தார். அந்தமானில் பிரவுனுக்கு அது கைகொடுக்கவில்லை. தன் அனுபவக் குறைவால் அந்தப் பகுதி தோற்றது என்று புத்தகத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். தோற்காமல் வேறென்ன ஆகும்? கேட்கப்பட்டவர்களின் அப்பா, அத்தை, மாமன்களில் பெரும்பாலோர் கொள்ளைநோயில் போய்விட்டார்கள். எஞ்சியவர்களை வெவ்வேறு குழுக்களிலிருந்து கொண்டுவந்து ஒன்றாகப் போட்டிருந்தார்கள். காலனி வருவதற்கு முன் சில ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று மதிக்கப்படும் பெரிய அந்தமானியர்கள், 1901 கணக்கெடுப்பில் 625 பேர்.

சின்ன அந்தமானுக்கும் போய் ஓங்கேக்களோடு தங்கிப் பார்த்தார். அவர்களுக்கு இந்துஸ்தானி தெரியாது. மொழியைக் கற்றுக்கொண்டு பேசுவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும் என்று கண்டு, பெரிய அந்தமானியர்களிடமே திரும்பினார். இந்துஸ்தானியில் கேட்டு, அரைகுறை இந்துஸ்தானியில் பதில் வாங்கி, குறிப்பெடுத்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, அகர்-பாலே குழுவைச் சேர்ந்த ஒருவர் மொழிபெயர்க்கக் கிடைத்தது கடைசிக் கட்டத்தில்தான். அவர் கிடைத்தபிறகே வேலை உருப்படியாக நகர்ந்திருக்கிறது.

1908இல் ஊர் திரும்பிய பிரவுனின் புத்தகம் முதல் உலகப்போரெல்லாம் முடிந்து 1922இல் வெளிவந்தது. கூடி அழும் சடங்கு எதற்கு, உடம்பில் களிமண் பூசுவது எதற்கு, ஆமைக்கறிக்கு விலக்கு எதற்கு, சமூகம் கட்டுக்கோப்பாக இருக்க இவையெல்லாம் எப்படி உதவுகின்றன என்று அதில் அவர் எழுப்பிய கேள்விகள் ஒரு தலைமுறை மானிடவியலாளர்களையே தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. சிதறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தை வைத்து, சமூகம் எப்படிச் சிதறாமல் நிற்கிறது என்று ஒரு கோட்பாட்டை அவர் எழுதினார். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் அந்தப் புத்தகத்தை நடத்துகிறவர்கள் 625 என்ற எண்ணையும் கூடவே கரும்பலகையில் எழுதினால் நல்லது. 1931இல் அது 90 ஆயிற்று. 1961இல் 19.

சுதந்திரத்துக்குப் பிறகு கேட்பவர் இந்தியரானார். 1945இல் தொடங்கப்பட்ட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் 1951இல் போர்ட் பிளேரில் ஒரு கிளையைத் திறந்தது. வேலை தேடி வந்த பட்டதாரிகள் ஆய்வாளர்களானார்கள். டி. என். பண்டிட் 1960களில் வந்து, ஏறத்தாழக் கால்நூற்றாண்டு சென்டினல் கரையில் தேங்காயை வைத்துவிட்டுத் திரும்பும் பயணங்களில் இருந்தவர். 1991 ஜனவரி 4 அன்று சென்டினல் மக்கள் தண்ணீருக்குள் இறங்கிவந்து படகிலிருந்தவர்களின் கையிலிருந்தே தேங்காயை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் படகில் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்தார். ஆராய்ச்சி உதவித்தொகையில் அந்தமானுக்கு வந்த பெண். ஆபத்தை அறிந்தே வருகிறேன், ஏதேனும் நேர்ந்தால் நஷ்டஈடு கேட்கமாட்டோம் என்று அவரும் பெற்றோரும் எழுதிக்கொடுத்த பிறகே அனுப்பினார்கள். 1880இல் துப்பாக்கியோடு போனவர்களிடம் இப்படி ஒரு காகிதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தேங்காய்ப் பயணங்களும் 1990களின் நடுவில் நின்றுபோயின. நெருங்காமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்களே வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு துறை தன் கேள்வியைத் தானே கைவிடுவது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

இந்தக் காலத்து மொழி நூல்களின் அட்டையைப் பார்த்தால் நம்மூர்ப் பெயர்கள் தென்படும். எஸ். மனோகரன் அந்தமான் மொழியை விவரித்தும் ஒப்பிட்டும் எழுதிய நூல் 1989இல் கல்கத்தாவில் வெளிவந்தது. ஜாரவா மொழியின் ஒலியமைப்பை எழுதியவர் ஆர். செங்குட்டுவன், 2000இல் வந்த நூல். நிகோபாரில் நான்கௌரி மொழியின் சொல்லமைப்பைப் பற்றி ஆர். ராதாகிருஷ்ணன் எழுதிய நூல் 1981இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வின் பயன் அது. இவற்றில் ஒன்றைப் பற்றியாவது தமிழில் நாலு வரி மதிப்புரை என் கண்ணில் பட்டதில்லை. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் நிகோபாரைக் குறிக்கும் மாநக்கவாரம் இருக்கிறது என்று மார்தட்டுவதோடு தீவுகளைப் பற்றிய நம் படிப்பு முடிந்துவிடுகிறது.

அன்விதா அப்பிக்கு வருகிறேன். 2001-02இல் ஒரு முன்னோட்ட ஆய்வுக்காக வந்தவர், 2005 முதல் 2009 வரை லண்டன் பல்கலைக்கழக அமைப்பு ஒன்றின் நிதியோடு பெரிய அந்தமானிய மொழியைப் பதிவு செய்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் சுனாமி வந்து, ஸ்ட்ரெய்ட் தீவில் இருந்த பெரிய அந்தமானியர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஐம்பது பேர் இருந்த சமூகத்தில் மொழியை ஏதோ ஒரு அளவில் பேசக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்கள் பேசியதும் மேன் எழுதிவைத்த மொழி அன்று. வடக்கு அந்தமானின் ஜெரோ, சாரே, கோரா, போ ஆகிய நான்கு மொழிகள் கலந்துபோன ஒன்று. பிள்ளைகள் ஹிந்தியில் வளர்ந்தார்கள். கதை சொல்லுங்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. நவ் ஜூனியர் என்றழைக்கப்பட்டவர் மெல்லமெல்ல முதல் மனிதனின் கதையை மீட்டெடுத்துச் சொன்னார். கேட்க ஆளில்லாததால் பல்லாண்டாக வாயில் வராத கதை.

அந்த மொழியின் இலக்கணம் பிடிபட்ட விதம் சுவாரஸ்யமானது. ரத்தத்துக்கு என்ன சொல் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வரும். விரல் வெட்டுப்பட்டு வழிந்தால் ஒங்தேய். தலையில் அடிபட்டு வழிந்தால் எர்தேய். உடம்புக்குள் ஓடுவதென்றால் எதேய். ‘தேய்’ என்று தனியாக ஒருவரும் சொல்லமாட்டார். உடம்பை ஏழு மண்டலங்களாகப் பிரித்து, வாய்க்கு ஒரு முன்னொட்டு, கைவிரல் கால்விரல் போன்ற நுனிகளுக்கு ஒன்று, உள்ளுறுப்புகளுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். பெயர்ச்சொல்லில் மட்டும் இருந்தால் பெரிய விஷயம் இல்லை. வினையிலும் பெயரடையிலும் காலத்தைக் குறிக்கும் சொற்களிலும்கூட அந்த உடம்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேனும் எல்லிஸும் போர்ட்மனும் இந்த முன்னொட்டுகளைப் பார்த்தார்கள், பட்டியலும் போட்டார்கள். ஆனால் மொழி முழுவதும் மனித உடம்பை அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்பதை ஒரு முழு இலக்கணமாக நிறுவியது 2013இல் வெளிவந்த அப்பியின் நூல்தான். அதற்கு முந்தைய வருஷம் பெரிய அந்தமானியம், ஆங்கிலம், ஹிந்தி மூன்றிலும் ஓர் அகராதி வந்தது. இந்த மொழி இந்தியாவில் தெரிந்த எந்த மொழிக்குடும்பத்திலும் சேராது, ஓங்கே-ஜாரவா குடும்பத்திலிருந்தும் வேறானது என்பது அவர் வாதம்.

போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று காலமானார். போ மொழி தெரிந்த கடைசி மனுஷி. அந்த மொழியில் பேச வேறு ஆளில்லாமல் பல வருஷம் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தவர். அப்பியோடு பேசியது அந்தமான் ஹிந்தியில். இரண்டு மாதம் முன்னால் கோரா மொழியின் கடைசிப் பெண்மணி போயிருந்தார். 2020 ஏப்ரலில் லீச்சோ இறந்தபோது சாரே மொழியும் முடிந்தது.

டெல்லி ஜாமியா மில்லியாவில் துருக்கி மொழி படிக்கிற ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அகராதி இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது, ஓரான் பாமுக் இருக்கிறார், இரவெல்லாம் பார்க்கத் தொலைக்காட்சித் தொடர்கள் இருக்கின்றன. வினைமுற்றில் சந்தேகம் வந்தால் இஸ்தான்புல்லில் யாரிடமாவது கேட்டுவிடலாம். தப்பாகப் பேசினால் சிரித்துத் திருத்த எட்டுக்கோடிப் பேர் உண்டு. அதே டெல்லியில் நாராயண் சௌத்ரி என்ற மாணவர் 2006இல் பெரிய அந்தமானிய வினைச்சொற்களைக் கணினிக்குப் புரியவைப்பது எப்படி என்று எம்.ஃபில். ஆய்வேடு எழுதினார். அவர் சந்தேகம் கேட்கக்கூடியவர்கள் ஒரு ஆட்டோவில் ஏறிவிடும் அளவு. ஒருவர் இறந்தால் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் சரிபார்க்கப்படாமலே போய்விடும். இரண்டையும் பட்டப்படிப்பு என்றே சொல்கிறோம்.

2012இல் பிரமோத் குமார் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜாரவா மொழியை விவரித்து முனைவர் பட்டம் பெற்றார். இங்கே நிலைமை வேறு. ஜாரவாக்கள் 1990களின் கடைசிவரை அம்போடு எதிர்த்து நின்றவர்கள். 1998 வாக்கில்தான் ஆயுதமில்லாமல் வெளியே வரத் தொடங்கினார்கள். நடுவே அவர்கள் காட்டைக் கிழித்துக்கொண்டு அந்தமான் ட்ரங்க் ரோடு போகிறது. 2011 கணக்கில் 380 பேர். குழந்தைகள் இன்னும் தங்கள் மொழியில்தான் அழுகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தப்பித்து நின்றதால் மொழியும் தப்பித்தது. மேனிடம் பழகியவர்களின் மொழிக்கு அகராதி இருக்கிறது, பேச ஆளில்லை. அண்டவிடாதவர்களின் மொழி இன்னும் வீட்டுக்குள் புழங்குகிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு உவப்பான கணக்கு இல்லை இது.

மொழி கேட்டவர்கள் போக, ரத்தமே கேட்டும் வந்தார்கள். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜும் லால்ஜி சிங்கும் 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய மரபணுக் கட்டுரைக்குப் பிறகு உலகத்துப் பத்திரிகைகள் ஓங்கேக்களைத் தேடிவந்தன.

நிகோபார் கதை வேறு தடத்தில் போனது, அதில் தமிழர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. நான்கௌரி மொழிக்கு அகராதி செய்துகொண்டிருந்த டேனிஷ்காரர் டி ரோப்ஸ்டார்ஃப் 1883இல் கமோர்டாவில் ஒரு ஹவில்தாரால் கொல்லப்பட, அவர் மனைவி அதைச் செப்பம் செய்து அடுத்த வருஷம் கல்கத்தாவில் வெளியிட்டார். 1890களின் நடுவில் வேதப்பன் சாலமன் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் கார் நிகோபாரின் முஸ் கிராமத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். உபதேசியார், வாத்தியார், அரசாங்க ஏஜென்ட் எல்லாம் அவரே. தினமும் நாட்குறிப்பு எழுதினார். யார் வீட்டில் விருந்து, எந்த ஊரில் பேயோட்டினார்கள், எந்தக் கப்பல் தேங்காய்க்கு வந்தது என்ற அன்றாடச் செய்திகள். டெம்பிள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை 1902இல் லண்டன் மானிடவியல் சஞ்சிகையில் சாலமன் பெயரிலேயே அச்சிட்டார். பட்டம் இல்லாத ஒரு தமிழர் அந்தச் சஞ்சிகையில் எழுத்தாளராக இடம்பெற்றது அந்தக் காலத்துக்குப் பெரிய சங்கதி. அவரிடம் படித்த நிகோபாரிச் சிறுவன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். பைபிளைத் தன் மொழியில் பெயர்த்தவர், 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர். இன்னும் ஒரு தலைமுறை தாண்டி, நிகோபாரியரான ஆன்ஸ்டிஸ் ஜஸ்டின், போர்ட் பிளேரில் அதே மானிடவியல் ஆய்வு நிறுவனக் கிளைக்கே தலைவரானார். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். என்னைக் கேட்டால் இந்தத் தீவுகளின் ஆய்வு வரலாற்றில் பிரவுனின் புத்தகத்தைவிடப் பெரிய திருப்பம் இது.

இன்று ஒரு மாணவர் ஸ்ட்ரெய்ட் தீவுக்கோ ஜாரவா காப்புக்காட்டுக்கோ ஆய்வுக்குப் போக நினைத்தால், 1956ஆம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி குறுக்கே நிற்கும். ட்ரைபல் பாஸ் வேண்டும். பழங்குடி நலத்துறையின் சம்மதம் வேண்டும். என்ன கேட்கப் போகிறீர்கள், எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். உதவித்தொகை ஓடிக்கொண்டே இருக்க, கோப்பு மேஜை மேஜையாக நகரும். கைடுகள் மாணவர்களிடம் வேறு தலைப்பைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவதும் உண்டு. எரிச்சல்தான். ஆனாலும் போர்ட்மன் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு கரையிறங்கியதை நினைத்தால், இந்தத் தாமதத்தை நான் குறைசொல்லமாட்டேன்.

எனக்குக் குறை வேறிடத்தில். போர்ட்மனின் புகைப்படங்கள் லண்டனில் இருக்கின்றன. லண்டன் நிதியில் நடந்த, அப்பியுடையது போன்ற பதிவுகளுக்கான ஒலிக் காப்பகம் 2021இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்தது. அன்று கண்ணாடித் தகடாகப் போனது இன்று கோப்பாகப் போகிறது. இணையம் இருந்தால் எங்கிருந்தும் கேட்கலாம் என்பார்கள். கடலடிக் கேபிள் 2020இல் சென்னையிலிருந்து வந்துசேரும்வரை தீவுகளில் இணையம் இருந்த லட்சணம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு மாற்றமும் உண்டு, பேசப்படாதது. அந்தமான் சமூகம் என்றால் பழங்குடி மட்டும்தான் என்ற நிலை கடந்த இருபது, முப்பது வருஷத்தில் உடைந்துவிட்டது. கைதிகளின் வாரிசுகளான லோக்கல் பார்ன், 1921 கிளர்ச்சிக்குப் பிறகு வந்து கோழிக்கோடு, மஞ்சேரி, திரூர் என்று சொந்த ஊர்ப் பெயர்களையே ஊன்றிய மாப்பிளைகள், 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தருக்கு அழைத்துவரப்பட்ட கரென்கள், பிரிவினையில் வந்த வங்காள அகதிகள், ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்தவர்கள் ஆகியோரெல்லாம் இப்போது ஆய்வுப்பொருள். சதத்ரு சென் தண்டனைக் காலனியைப் பற்றி 2000இல் எழுதினார். கிளேர் ஆண்டர்சன், மதுமிதா மஜும்தார், விஷ்வஜித் பாண்டியா சேர்ந்து எழுதிய புதிய வரலாறு 2016இல் வந்தது. ஜெர்மானியர் பிலிப் செமிஷ் ‘மினி இந்தியா’ என்று நூலுக்கே பெயர் வைத்தார். இவர்கள் கேள்வி கேட்டதும் பெரும்பாலும் ஹிந்தியில்தான். இங்கே அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. வீட்டுமொழியே அதுவாகிப்போனவர்களிடம் வேறு எதில் கேட்பது?

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு எட்டாக்கனியாகவே இருந்திருக்கிறது. 1967இல் தொடங்கிய போர்ட் பிளேர் அரசுக் கல்லூரி முதலில் சண்டிகரிலிருக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது! அப்புறம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு. புதுச்சேரிக்காரர்கள் இங்கே திறந்த வளாகத்தில் முன்னுக்கு நிற்பவை கடலுயிரியலும் பேரிடர் மேலாண்மையும். கடல் நடுவே இருக்கிற ஊர், சுனாமி பார்த்த ஊர், நியாயம்தான். மொழியியலில் ஆசை வந்தவர் கப்பல் ஏறி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ டெல்லிக்கோ போக வேண்டும்.

அப்படி ஏறுகிறவர் தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் தலைப்புக்குப் பஞ்சமில்லை. 2011 கணக்குப்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிக்கும் ஹிந்திக்கும் அடுத்த இடம். ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருபக்கம். இலங்கை மலையகத்திலிருந்து நாடு திரும்பி, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் இன்னொரு பக்கம். பங்குனி உத்திரத்துக்குப் போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலில் காவடி எடுக்கிறவர்கள் தங்களுக்குள் ஹிந்தியில் கூப்பிட்டுக்கொள்வதை யாரும் கேட்கலாம். பாட்டி தமிழில் கேட்க, பேத்தி ஹிந்தியில் பதில் சொல்ல, அம்மா இரண்டையும் கலந்து சண்டையைத் தீர்த்துவைக்கிற வீடுகள் உண்டு. எந்தச் சொல் முதலில் மாறுகிறது? உறவுச்சொல் எத்தனை தலைமுறை தாங்குகிறது? கச்சாலில் மலையகத் தமிழ் எவ்வளவு மிச்சம்? இலங்கையில் பிறந்து கச்சாலில் இறங்கியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. போர்ட் பிளேரிலிருந்து அங்கே கப்பல் போகிறது. கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம்.